ஈஸ்னோபீலியாதானே என்று சொன்னவன்

முதலுதவி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தால் இந்நேரம் லைனில் எல்லோரும் உங்களை "டாக்டரே" என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். கிண்டலுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது மாதம் அது கிண்டல் என்பதே உங்களுக்கு மறந்துவிடும். எனக்கு இரண்டாவது மாதமே மறந்துவிட்டது. நான் கொஞ்சம் சூட்டிகை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வயதில் பணி ஓய்வு பெற்றவன். ஓய்வை நான் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். ப்ளஸ் டூவில் உயிரியலில் மட்டும் தவறினேன். மனித உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதில் எனக்கும் பேப்பர் திருத்தியவருக்கும் கருத்து வேறுபாடு. பிறகு குன்றத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஓராண்டு நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்தேன். எட்டாம் மாதம் அதுவும் நின்றது. அந்த எட்டு மாதத்தை வைத்துக்கொண்டு ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையின் முதலுதவி அறையில் ஐந்து வருடம் ஓட்டினேன். இப்போது ஓட்டுவது ஷேர் ஆட்டோ. உங்களில் சிலர் காலை ஷிப்டுக்கு என் வண்டியில்தான் ஏறுகிறீர்கள். "நேத்து ஒருத்தருக்கு நானே ஒரு மாத்திர குடுத்தேன்டி, டக்குனு கேட்டுச்சு" என்று பின்சீட்டில் பேசுவது முன்சீட்டுக்கு நன்றாகவே கேட்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுப் போடுவது, கண்ணில் விழுந்த இரும்புத்தூளைக் கழுவுவது, மயங்கி விழுந்தவரை எந்தப் பக்கம் சாய்ப்பது எல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது அது இல்லை.

எங்கள் அறைக்கு டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் இரண்டிரண்டு மணி நேரம் வருவார். மற்ற நேரமெல்லாம் சிஸ்டர்தான். காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார், ஐம்பது வயது இருக்கும், சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் எனக்குப் போட்ட ஒரே சட்டம், "எது குடுத்தாலும் நோட்ல ஏத்து. தண்ணி குடுத்தாலும் ஏத்து." நான் கேட்பேன், "சிஸ்டர், வந்தவுங்களுக்கு அட்வைஸ் குடுத்தா?" "அத நீ குடுக்கவே கூடாது" என்பார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்க வருவார்கள். தலைவலி என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தால் இருபது நிமிடம் கிடைக்கும் என்பது லைனில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பத்தொன்பதாம் நிமிடம் போய்க் காலைப் பிடித்து ஆட்டுவேன். "இன்னாண்ணா, கனவுல ஓ.டி. போட்டாங்களா?" இப்படிப் பேசிப் பேசியே எனக்கு நல்ல பேர் வந்தது. ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்து வந்த ஒருவருக்கு அலர்ஜி மாத்திரை ஒன்று கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து ஆட்கள் சிஸ்டர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து என்னிடம் வர ஆரம்பித்தார்கள். கைராசி என்றார்கள். தம்பிகளே, உங்களுக்குக் கைராசி என்று எவனாவது சொன்னால் அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுங்கள்.

சகாயம் அண்ணன் அப்படி வந்தவர்தான்.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். முப்பத்தைந்து வயது. பிரேக் குழாய் மாட்டும் லைனில் ஆறு வருடமாகக் காண்ட்ராக்ட். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறை வாடகைக்கு எடுத்து மனைவி ரோஸ்லினோடும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளோடும் இருந்தார். ஒரு வருடமாகத்தான் அவருக்கு வீசிங். சின்ன வயதில் இருந்ததே இல்லை. அதற்கு முன்பே மூக்கில் சதை வளர்ந்து ஊரில் ஆபரேஷன் செய்திருந்தார். சதை மறுபடியும் வளர்ந்துவிட்டது.

"ஏலே டாக்டரே, மூக்குக்குள்ள யாரோ சிமெண்ட வச்சிப் பூசுன மாரி இருக்குல. வீட்ல கருவாடு வறுத்தாகூட வாசம் தெரிய மாட்டுக்கு."

"உனுக்கு வாசன தெரியாததே நல்லதுண்ணா. தெரிஞ்சா நம்ம கேன்டீன் சாம்பார எப்டி குடிப்ப?"

வெளி லேபில் எடுத்த ரத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற எல்லாம் சரியாக இருந்தது. ஈஸ்னோபில் என்கிற வெள்ளை அணு மட்டும் இருக்க வேண்டிய அளவைத் தாண்டிப் பல மடங்கு. நான் அதை மொபைலில் படம் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போட்டேன். "நம்ம சகாயண்ணன் ஸ்கோர பாருங்கடா, நாட் அவுட்" என்று கீழே எழுதினேன். சிரித்த முகங்கள் நிறைய வந்தன.

ஏன் சிரித்தோம் என்றால், நம் பக்கத்தில் ஈஸ்னோபீலியா ஒரு நோயே இல்லை. சொந்தக்காரர் மாதிரி. மார்கழியில் வருவார், நாலு நாள் இருமுவார், போய்விடுவார். ஒரு தெருவுக்கு நாலு பேர் அதைச் சொல்லிக்கொள்வார்கள். பூச்சி மாத்திரை போடு, தயிர் சேர்க்காதே, வெந்நீரில் குளி, அவ்வளவுதான் வைத்தியம். நானும் "ஈஸ்னோபீலியாதானேண்ணா, இதுக்கு போயி மூஞ்ச தொங்க போட்டுகினு" என்று பூச்சி மாத்திரையை எடுத்தேன்.

சிஸ்டர் ரிப்போர்ட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார்.

"முப்பது வயசுக்கு மேல புதுசா வீசிங். மூக்குல சதை திரும்பத் திரும்ப வளருது. இப்ப இது. மூணையும் சேத்துப் பாத்தா பூச்சி இல்ல. சென்னையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, சகாயம். இந்த வாரமே போங்க."

சீட்டு எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை நாலாக மடித்து பர்ஸில் வைத்தார்.

மறுநாள் பெர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியல் ஒட்டப்பட்டது.

வெளியாட்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். ஆறு வருடம் அதே இடத்தில் நின்று அதே போல்ட்டை முடுக்கிய ஒருவனுடைய பெயர் அந்தக் காகிதத்தில் வருவது என்றால் என்ன என்று. பெயர் வந்த பிறகு நடுவில் நிற்பது ஒன்றே ஒன்று, மெடிக்கல். பத்து நாளில் ரத்தம் எடுப்பார்கள். ஏதாவது ஏறி இறங்கி இருந்தால் "தற்போதைக்குத் தகுதியில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். அடுத்த பட்டியல் எப்போது என்று கடவுளிடம் கேட்டாலும் அவர் எச்.ஆரைக் கேள் என்பார்.

சிஸ்டர் சாப்பிடப் போயிருந்த நேரம் அண்ணன் வந்தார். அவர் கெஞ்சுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நின்றுகொண்டே பேசினார்.

"நீ நெனச்சா முடியும்லா? ரத்தத்துல அது மட்டும் கொறஞ்சா போதும். மெடிக்கல் முடிஞ்ச மறுநா நானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன். சத்தியமா போவேன்."

எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அதுதான் வினை. வீசிங் அதிகமானவர்களுக்கு டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதுவார், ஸ்டீராய்டு. ஒரு தடவை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒருவருடைய இரண்டு ரிப்போர்ட்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தேன். மாத்திரைக்கு முன்பு ஈஸ்னோபில் ஏகத்துக்கும் இருந்தது, மாத்திரைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஏன் அப்படி என்று டாக்டரைக் கேட்கத் தோன்றவில்லை. எப்படி என்று தெரிந்தால் போதும், ஏன் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கினேன். காலையில் சாப்பிட்ட பிறகு இத்தனை என்று நானே ஓர் அளவு சொன்னேன். டாக்டர் ஒருவருக்கு எழுதியதைப் பார்த்த ஞாபகத்தில் சொன்ன அளவு. நோட்டில் ஏற்றவில்லை. ஏற்றினால் சிஸ்டர் பார்ப்பார். நான் சட்டம் தெரியாமல் செய்யவில்லை. நோட்டு என் முழங்கைக்குக் கீழேயே திறந்து கிடந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் ஓடி வந்தார். முகமே வேறாக இருந்தது.

"ஏலே, நேத்து எங்க வீட்ல மீன் கொழம்பு. எனக்கு மணக்குதுல. ஒரு வருஷம் கழிச்சி மணக்குது. எம் மவ தலையில தேச்ச எண்ணெகூட மணக்குது."

அந்தப் பத்து நாள் அவர் மூச்சு வாங்காமல் மாடி ஏறினார். இரவு முழுக்கத் தூங்கினார். ரோஸ்லின் அக்கா எனக்கு டப்பாவில் மீன் வறுவல் கொடுத்து அனுப்பினார். எனக்கோ, எட்டு மாதப் படிப்புக்கே இப்படி என்றால் முழுதாகப் படித்திருந்தால் என்னவாகியிருப்பேன் என்று தோன்றியது.

மெடிக்கல் ரிப்போர்ட்டில் ஈஸ்னோபில் பூஜ்யம். "சென்சுரி அடிச்ச மனுஷன் டக் அவுட்டு" என்றேன். இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தோம். ஆர்டர் வந்தது. ஆறு மாதம் தகுதிகாண் பருவம், பிறகு நிரந்தரம். லைன் முழுக்க லட்டு கொடுத்தார்.

சிஸ்டர் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாரா?" என்று என்னைக் கேட்டார். "போறேன்னாரு சிஸ்டர்." "பூஜ்யம் எப்படி வந்துச்சு?" "தெரியலியே சிஸ்டர், பூச்சி செத்துடுச்சு போல." நான் பஞ்சு டப்பாவை ஒழுங்குபடுத்தினேன்.

அண்ணன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதே, எதற்குப் போக வேண்டும்? காலி அட்டையைக் காட்டி அதே கடையில் அவரே மாத்திரை வாங்கி மூன்று மாதம் விழுங்கிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியவந்த அன்று பயந்துபோய், "யோவ், நிறுத்துண்ணா, இன்னியோட நிறுத்து" என்றேன். இதையும் யாரையும் கேட்காமல்தான் சொன்னேன். அவர் அன்றோடு நிறுத்தினார். என் பேச்சைக் கேட்கிற ஒரே மனிதர்.

மூன்று வாரம் கழித்து இடது பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். நான், "பெர்மனென்ட் ஆளுக்கு புது ஷூ சேரலியா?" என்றேன். இரண்டு நாள் கழித்து, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது, விழுந்தது தெரிவதும் இல்லை என்றார். அப்போதும் ஏதோ ஒரு கிண்டல் அடித்தேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ரோஸ்லின் அக்காவுக்கு நினைவிருக்கும். அவர்கள் வீட்டு வாசலில்தான் பேசிக்கொண்டிருந்தோம், அக்கா பக்கத்தில் நின்றிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை லைனில் நடந்துபோனவர் தரையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் தடுக்கி விழுந்தார். பாதம் மேலே தூக்க வரவில்லை. ஈரத்துணி மாதிரித் தொங்கியது. சிஸ்டர்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினார். துணைக்கு என்னை அனுப்பினார்.

வண்டி பூந்தமல்லி தாண்டும்போது அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கால் இப்பிடி ஆனதும் பயந்துட்டேன்ல. அந்த மாத்திரய மறுபடி போட்டேன். நாலு நாளா. யார்ட்டயும் சொல்லாத. கம்பெனிக்குத் தெரிஞ்சா மெடிக்கல்ல ஏமாத்துனேன்னு வெளிய தள்ளிருவானுவ. இன்னும் ரெண்டு மாசந்தான், கன்ஃபர்ம் ஆயிரும். வாயத் தொறக்காத."

"சரிண்ணா" என்றேன். அவருக்காகத்தான் சொன்னேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். அதில் என் வேலையும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஈஸ்னோபில் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே இருந்த இளம் டாக்டர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, ஊசி, எதாவது?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். "இல்ல சார்." நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

பொய்யான ரத்தத்தை வைத்துக்கொண்டு அவர்கள் உண்மையாகத் தேடினார்கள். முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள். தொழுநோயோ என்று தோலைத் தடவிப் பார்த்தார்கள். அப்போது ரோஸ்லின் அக்கா சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் மூன்று நாள் அந்தக் கட்டிலோரம் நின்று தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுத்தேன். வேறு எதையும் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் காலை அக்கா டம்ளரில் காபி ஊற்றி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கினார். வலது மணிக்கட்டு அப்படியே மடங்கியது. காபி போர்வையெல்லாம் கொட்டியது. அண்ணன் கொட்டியதைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பிறகு, "நெஞ்சு படபடங்குது ரோசு" என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒனக்கு ஏதோ தெரியும். மூணு நாளா நீ கிண்டலே பண்ணல."

நான் வார்டை விட்டு வெளியே வந்தேன். பெரிய டாக்டர் அம்மா ரவுண்ட்ஸ் முடித்துப் படியிறங்கிக்கொண்டிருந்தார். அவர் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

"மேடம், கட்டில் பதினொண்ணு. அவுரு ஸ்டீராய்டு சாப்ட்டுகினு இருந்தாரு. நான்தான் குடுத்தேன்."

அவர் படியிலேயே நின்றார். "நீங்க யாரு?"

"கம்பெனி முதலுதவி ரூம்ல வேல செய்றேன்."

"என்னிக்கு ஆரம்பிச்சீங்க? என்ன அளவு? என்னிக்கு நிறுத்துனது? எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "அதுக்கு முன்னாடி எடுத்த ரத்த ரிப்போர்ட் எங்க?" என்றார். பேப்பர் எங்கே போனதோ தெரியாது. மொபைலைத் திறந்து நண்பர்கள் குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். படம் கிடைத்தது, கீழே "நாட் அவுட்" என்று எழுதியிருந்தது, அதன் கீழே சிரித்த முகங்கள். அதை அப்படியே அவரிடம் நீட்டினேன். அவர் ஸ்கோரை மட்டும் பார்த்தாரா, நான் எழுதியதையும் படித்தாரா என்று இன்றுவரை தெரியாது. போனை என் கையில் கொடுத்துவிட்டு வேகமாக வார்டுக்குப் போனார். அரை மணி நேரத்தில் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். இதயத் தசையிலும் வீக்கம் இருந்தது.

அன்று மதியம் அவரே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நீங்க இன்னொருத்தருக்கு இதைப் பண்ணக்கூடாது. அதுக்காகச் சொல்றேன், கேளுங்க" என்றார். உயிரியலில் தோற்றவனுக்கு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

"ஈஸ்னோபில்ங்கிறது உடம்பு புழுவை அடிக்கிறதுக்குன்னு வெச்சிருக்கிற அணு. புழு அணுவைவிட ரொம்பப் பெருசு, முழுங்க முடியாது. அதனால அந்த அணு தன் பையில விஷம் வெச்சிருக்கும். பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டு ஊத்தும். வேலை முடிஞ்சா தானா செத்துடும். உங்க நண்பர் உடம்புல அடிக்கிறதுக்குப் புழு எதுவும் இல்லை. ஆனா வேற சில வெள்ளை அணுக்கள் 'ஆள் அனுப்பு, ஆள் அனுப்பு'ன்னு எலும்பு மஜ்ஜைக்குச் சேதி அனுப்பிட்டே இருக்கு. அந்தச் சேதி ரெண்டு வேலை பண்ணும். புதுசா ஆளை வரவைக்கும். வந்த ஆளைச் சாகவும் விடாது."

"ஷிப்டு முடிஞ்சும் பஸ் ஏறாத ஆளு மாரி" என்றேன். வாய் சும்மா இருக்காது.

"ஆமா. எல்லாரும் கையில ஆசிட்டோட உள்ளயே நிக்கிறாங்க. முதல்ல மூக்குல ஊத்தினாங்க, சதை வளர்ந்துச்சு. அப்புறம் நுரையீரல், வீசிங் வந்துச்சு. இப்ப ரத்தக் குழாயோட சுவர்ல. நரம்புக்குச் சாப்பாடு கொண்டு போற குழாய் நூலைவிட மெல்லிசு. அது வீங்கி அடைஞ்சா நரம்பு பட்டினி கிடக்கும். கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் உள்ள இருக்கிற இழை செத்துடும். கால், கை, ஒவ்வொண்ணா."

"அந்தச் சேதிய யாரு மேடம் அனுப்ப சொல்றா?"

"முழுசா யாருக்கும் தெரியாது. ரொம்ப அபூர்வமான நோய்."

"நான் குடுத்த மாத்திர இன்னா பண்ணுச்சு?"

"அந்த அணுக்களைச் சாகச் சொல்லும். சில மணி நேரத்துலயே ரத்தத்துல காணாம போயிடும். இதே மருந்தைத்தான் இப்ப நானும் குடுக்கப் போறேன், ஊசியா, பெரிய அளவுல, கூட இன்னொரு மருந்தும் சேர்த்து. ஆனா நான் எதுக்குக் குடுக்கிறேன்னு தெரிஞ்சு குடுக்கிறேன். நீங்க குடுத்தது நோயோட முகத்தைத் துடைச்சிட்டுது. நிறுத்துனதும் அது திரும்பி வந்துச்சு. மறுபடி போட்டுட்டு இங்க வந்ததுல எங்களுக்கும் முகம் தெரியலை."

"மூணு நாளு முன்னாடி சொல்லி இருந்தா?"

"கால் ஏற்கனவே போயிருந்துச்சு. மூணு நாள்ல என்ன மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. கை நேத்து நல்லா இருந்துச்சு" என்றார்.

ஊசி போட்டார்கள். நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். கை சில மாதத்தில் பாதிக்குமேல் திரும்பியது. பாதம் திரும்பவில்லை.

டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இருந்தது. வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்கு முன்பு மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டார் என்று. மெடிக்கல் லீவுக்கு அந்தத் தாளைக் கம்பெனியில் கொடுத்தாக வேண்டும். டாக்டர் அம்மாவிடம் போய் நின்றேன்.

"அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க மேடம். வேல பூடும்."

"நாளைக்கு இவர் மூச்சுத் திணறி வேற ஒரு ஊர்ல வேற ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க இருக்கிற டாக்டருக்கு இந்த வரிதான் வழி காட்டும். இதே தப்பை என்னையும் பண்ணச் சொல்றீங்களா?"

அவர் சொன்னது நியாயம். நியாயம் சில சமயம் ஓர் ஆளின் சோற்றில் கை வைக்கும், தம்பிகளே. அப்போதும் அது நியாயம்தான். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் சொல்லுங்கள்.

எச்.ஆர். அறையில் எங்கள் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் கைத்தடியோடு நின்றார். "ரெண்டு பேரும் சேர்ந்து மெடிக்கல்ல ஏமாத்தியிருக்கீங்க" என்றார் அதிகாரி. "நான்தான் சார் குடுத்தேன். அவுருக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். "சாப்பிட்டது அவர்தானே?" என்றார். தகுதிகாண் பருவம் முடிய ஐந்து வாரம் இருந்தது. அன்றைக்கே முடித்துவைத்தார்கள், என் வேலையையும் சேர்த்து.

அறையிலிருந்து என் சாப்பாட்டுப் பையை எடுக்கப் போனேன். சிஸ்டர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குடுத்தது தப்பு. அத எழுதியிருந்தா மறுநாளே நான் பார்த்திருப்பேன். ஒன்ன அடிச்சிருப்பேன், அவன ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேரும் இன்னிக்கு வேலையில இருந்திருப்பீங்க." அதற்குப் பிறகு பேனா மறுபடி ஓட ஆரம்பித்தது.

நோட்டு என்பது மேலதிகாரிக்குக் காட்ட அல்ல என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். நமக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவர் பின்னால் வந்து பார்ப்பார் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். நீங்கள் தப்பே செய்யாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, செய்வீர்கள். செய்ததை எழுதுங்கள். யாராவது கேட்டால் ஃபேனைப் பார்க்காதீர்கள்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். தெரிந்த ஒருவர் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு ஆள் கேட்டிருந்தார். அதைச் சொல்லத்தான் போனேன். மாதா கோயில் பூசை முடிந்து அண்ணன் தெருவில் வந்துகொண்டிருந்தார். தொங்குகிற பாதம் தரையில் தட்டாமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தார். இல்லாத வாசப்படியை அடிக்கு அடி தாண்டுகிற மாதிரி இருந்தது. மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி தூக்கி வைத்து நடந்தாள். குழந்தைக்கு அது விளையாட்டு.

என்னைப் பார்த்ததும் முகம் சுளிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார். ரோஸ்லின் அக்கா டீ வைத்தார். நான் வேலையைப் பற்றிச் சொன்னேன். சம்பளம், நேரம், பஸ் எல்லாம் சொன்னேன். நானே பேசி முடித்துவைக்கிறேன், நாளைக்கே அழைத்துப் போகிறேன் என்றேன். அண்ணன் முழுவதும் கேட்டார்.

"நீ எனக்கு ரெண்டு தடவ நல்லது செஞ்சிட்ட, டாக்டரே" என்றார். குரலில் கோபம் இல்லை. "மொத தடவ வேல கெடச்சிது, காலு போச்சி. ரெண்டாந்தடவ உசுரு கெடச்சிது, வேல போச்சி. மூணாந்தடவைக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லல."

நான் எழுந்தேன்.

"டீயக் குடிச்சிட்டுப் போ" என்றார்.